எட்டு பார் லூப்ல இருந்து அஞ்சு நிமிஷ டிராக்குக்கு: கெட்டி மேளம் எனக்குச் சொல்லிக் குடுத்தது

எங்க சித்தப்பாவுக்கு கோட்டையூர்ல மைக் செட் தொழில். நான் எட்டாவது படிக்கிறப்பவே ஒயர் சுத்தப் போயிட்டேன், இப்ப பகல்ல காரைக்குடில ஒரு கடைல கணக்கு எழுதுறேன், முகூர்த்த நாள்னா சித்தப்பா கூட பாக்ஸ் தூக்கக் கெளம்பிருவேன், ராத்திரி 10 மணிக்கு மேல எஃப்எல் ஸ்டுடியோ, கம்ப்யூட்டர்ல மியூசிக் பண்ற சாஃப்ட்வேர். எலக்ட்ரானிக் டான்ஸ் மியூசிக் பண்ண ஆரம்பிச்சு 5 வருஷம் ஆச்சு. அதுல மொத ரெண்டு வருஷம் ஒரு டிராக்கக்கூட முடிக்கல. இப்ப எங்கிட்ட கேக்குற பசங்க முக்காவாசிப் பேரு அதே எடத்துலதான் நிக்கிறாங்க, "அண்ணே லூப் செமையா வந்துருச்சு, அதுக்கு மேல என்ன பண்றதுன்னே தெரியல"ன்னு. அவங்களுக்காகத்தான் இத எழுதுறேன்.

அந்த ரெண்டு வருஷத்துல என் லேப்டாப்ல 43 ஃபைல் இருந்துச்சு, எல்லாமே 8 பார் லூப், அதாவது திரும்பத் திரும்பச் சுத்துற துண்டு. கிக், கிளாப், ஹேட்னு டிரம் சத்தம், பேஸ், ஒரு கார்டு (சேந்து ஒலிக்கிற சுரங்கள்), மேல ஒரு லீட் (முன்னாடி நிக்கிற டியூன்). 128 பிபிஎம்ல, அதாவது நிமிஷத்துக்கு 128 பீட்டுல, ஒரு பார்ங்கிறது நாலு பீட்டு, 1.875 செகண்ட், அப்ப 8 பார் சரியா 15 செகண்ட். அந்த 15 செகண்ட ராத்திரி பூரா சுத்த விட்டுக் கேட்டுக்கிட்டே இருப்பேன். ஒரு மணி நேரம் ஓடுனா அதையே 240 தடவ கேட்டிருப்போம். காது மரத்துப் போயிரும். மரத்துப் போன காதுக்கு எல்லாமே கம்மியா தெரியும், ஒடனே இன்னொரு சிந்த் ஏத்துவோம், இன்னொரு ஷேக்கர் ஏத்துவோம், லூப் குண்டாகிட்டே போகும், டிராக் மட்டும் ஒரு செகண்டுகூட நீளாது. சத்தம் பத்தலைன்னுதான் அப்ப நெனச்சேன். இப்பப் பாத்தா எல்லாத்தையும் ஒரே நேரத்துல வச்சதுதான் தப்பு, கேக்குறவனுக்குக் காத்திருக்க ஒண்ணுமே மிச்சம் வைக்கல.

மொதத் தடவையா ஒரு டிராக்க முழுசா முடிச்சது ஒரு காலேஜ் கல்ச்சுரல்ஸுக்கு. சித்தப்பாதான் அங்க சவுண்டு. கடைசில ஒரு 10 நிமிஷம் எனக்குக் குடுத்தாங்க. நான் பண்ணி வச்சிருந்தது நாலு நிமிஷ டிராக், அதுல பில்டப், அதாவது உச்சத்துக்கு ஏத்திக்கிட்டுப் போற பகுதி, மட்டும் ஒரு நிமிஷத்துக்கு மேல, ஸ்நேர் ரோல், மேல ஏறுற நாய்ஸ், சைரன், எல்லாம் சேத்து இரைச்சலா ஏறிக்கிட்டே போகும். பசங்க மொத 20 செகண்டு கையத் தூக்கிக்கிட்டு நின்னாங்க. அப்புறம் கை எறங்குச்சு. டிராப், அதாவது கிக்கும் பேஸும் முழுசா விழுற எடம், வந்தப்ப பாதிப்பேரு ஃபோனப் பாத்துக்கிட்டு இருந்தாங்க. இத்தனைக்கும் டிராப்புல கிக்கும் பேஸும் நல்லாத்தான் இருந்துச்சு, மிக்ஸிங்ல ஒரு கொறையும் இல்ல. ஆனா பில்டப்பே அவ்ளோ பெருசா, அவ்ளோ சத்தமா இருந்ததுனால டிராப் அதவிடச் சின்னதா விழுந்துச்சு. அன்னிக்கு ராத்திரி தூக்கமே வரல எனக்கு.

இதுக்கு விடை கெடச்சது கானாடுகாத்தான்ல ஒரு செட்டியார் வீட்டுக் கல்யாணத்துல. அந்தப் பக்கத்து வீடுகளப் பாத்தவங்களுக்குத் தெரியும், முன் தெருவுல வாசல், பின் தெரு வரைக்கும் வீடு, வருஷம் பூரா பூட்டிக் கெடக்கும், கல்யாணம் காட்சின்னா சென்னைலருந்தும் மலேசியாலருந்தும் சொந்தம் வந்து எறங்குனதும் ஒரு வாரத்துல வீட்டுக்கு உசிரு வந்துரும். நாங்க முகப்புல ரெண்டு பாக்ஸ், வளவுல (உள் முற்றத்துல) ரெண்டு பாக்ஸ் போட்டிருந்தோம். மேளக்காரங்க பட்டாலைல (கூடத்துல) உக்காந்திருந்தாங்க. காலைல இருந்தே நாதஸ்வரம் போய்க்கிட்டே இருக்கு, யாரும் அத உத்துக் கேக்கல, ஆளுங்க பேசிக்கிறாங்க, காபி குடிக்கிறாங்க, கொழந்தைங்க ஓடுது. ஆனா அந்தச் சத்தம் அத்தன பேரையும் ஒரு கயித்துல கட்டி வச்ச மாதிரி வச்சிருக்கு. திருப்பூட்டுற, அதாவது தாலி கட்டுற, நேரம் நெருங்க நெருங்க தவில் அடங்கிக்கிட்டே வந்துச்சு. கவனிங்க, ஏறல, அடங்குச்சு. நாதஸ்வரமும் சின்னச் சின்ன சஞ்சாரமா கொறஞ்சுச்சு. ஒரு பெரியவரு கையத் தூக்கி வெரல ஆட்டுனாரு, "கெட்டி மேளம், கெட்டி மேளம்!"

அந்தச் சத்தத்த நான் ஃபோன்ல பதிவு பண்ணியிருந்தேன். வீட்டுக்கு வந்து எஃப்எல் ஸ்டுடியோல இழுத்துப் போட்டு அலையப் பாத்தா, கெட்டி மேளத்துக்கு முன்னாடி ரெண்டு செகண்டு கிட்டத்தட்ட ஒண்ணுமே இல்ல, வெறும் ஆளுங்க பேச்சு, எங்கயோ ஒரு வளையல் சத்தம். அதுக்கப்புறம் அலை அப்படியே சுவரு மாதிரி எழும்புது. அந்தச் சுவரு ஒரு நிமிஷங்கூட நிக்கல, முடிச்சு போட்டு முடிஞ்சதும் எறங்கிருச்சு. மணிக்கணக்கா வாசிச்சதுல சத்தம் உச்சத்துல இருந்தது அந்த ஒரு நிமிஷத்துக்கும் கம்மிதான், ஆனா அந்த வீட்டுல இருந்த ஒவ்வொருத்தருக்கும் அதுதான் நெனவுல நிக்கும். நான் காலேஜ்ல பண்ணுனது இதுக்கு நேர் எதிரு.

அன்னிக்கே அந்த 43 ஃபைல்ல ஒண்ண எடுத்து புது வழில பண்ண ஆரம்பிச்சேன். முழு லூப்ப அப்படியே பிளேலிஸ்ட்ல (எஃப்எல்ல டிராக்க வரிசையா அடுக்குற ஜன்னல்) அஞ்சு நிமிஷத்துக்கும் காப்பி போட்டு நெரப்பிட்டேன். அப்புறம் சேக்குறதுங்கிற பேச்சே இல்ல, அழிக்கிற வேலை மட்டுந்தான். வெறும் பக்கத்துல இருந்து கட்டிக்கிட்டுப் போறத விட, நெறஞ்சு கெடக்குறதுல எது இங்க வேணாம்னு பாத்து எடுக்குறது அவ்ளோ சுலபமா இருந்துச்சு, ரெண்டு வருஷமா முடியாதது ரெண்டு ராத்திரில ஒரு உருவத்துக்கு வந்துருச்சு. லூப்லயே மாட்டிக்கிட்டு நிக்கிறவங்க இத மட்டுமாவது இன்னிக்கே செஞ்சு பாருங்க.

அளவு எப்படி வச்சேன்னா, அழிக்க ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே டைம் மார்க்கர் போட்டுட்டேன். 128 பிபிஎம்ல 32 பார் சரியா ஒரு நிமிஷம், அதனால கணக்கு மனசுலயே வந்துரும். அறிமுகம் 32 பார், பிரேக்டவுன் (கிக்க எடுத்துட்டு அடங்குற பகுதி) 16, பில்டப் 16, அப்ப மொத டிராப் சரியா ரெண்டாவது நிமிஷம் விழும். டிராப் 32. ரெண்டாவது பிரேக்டவுன் 16, பில்டப் இந்தத் தடவ 8தான், ஏன்னா கேக்குறவனுக்கு இப்ப வழி தெரியும், மறுபடி அவ்ளோ நேரம் காக்க வைக்கக் கூடாது. ரெண்டாவது டிராப் 32, முடிவு 16. மொத்தம் 168 பார், 5 நிமிஷம் 15 செகண்ட். இது கிளப்புக்குப் போடுற நீள வடிவம். நம்ம ஊரு ஃபங்ஷன்ல ரெண்டு நிமிஷம் யாரும் காத்திருக்க மாட்டாங்க, அங்க நான் அறிமுகம், பிரேக்டவுன், பில்டப் மூணையும் 8, 8, 8னு வச்சு 45 செகண்ட்ல டிராப்ப எறக்கிருவேன். அளவு மாறும், வரிச மாறாது.

மொத 32 பார் ஏன் வெறும் கிக்கும் ஹேட்டுமா இருக்குன்னு எனக்கு ரொம்ப நாள் புரியல, சோம்பேறித்தனம்னு நெனச்சேன். அது டிஜேவுக்கான எடம். அமெரிக்காவுல டிஸ்கோ காலத்துல, 1970கள்ல, 12 இஞ்ச் ரெக்கார்டு வந்ததும் பாட்டுங்க நீண்டுச்சு, ரெண்டு டர்ன்டேபிள் வச்சு ஒரு ரெக்கார்டோட வால்ல இன்னொண்ணோட தலைய ஏத்துனாங்க. அப்புறம் சிக்காகோல வேர்ஹவுஸ்னு ஒரு கிளப், ஃபிராங்கி நக்கில்ஸ் டிஜே, ஹவுஸ்ங்கிற பேரே அங்கருந்து வந்ததுதான்னு சொல்லுவாங்க. தலைலயும் வால்லயும் பாட்டோ கார்டோ இருந்தா ரெண்டு டிராக்கும் சுதி மோதிக்கும், தாளம் மட்டும் இருந்தா மோதாது. சித்தப்பா கூட ரிசப்ஷன்ல பாட்டு மாத்தி மாத்திப் போட்டுப் பாத்ததுக்கு அப்புறந்தான் இது கையில ஏறுச்சு. டிஜே பண்றவங்களுக்குக் குடுக்குற எண்ணம் இல்லைன்னா அவ்ளோ நீளம் வைக்கவே வேணாம்.

ரெஃபரன்ஸ் டிராக் பத்தி எல்லாரும் சொல்லுவாங்க, நான் சுருக்கமா சொல்லிர்றேன். புடிச்ச ஒரு டிராக்க புராஜெக்ட்லயே ஒரு லைன்ல போட்டு, பிபிஎம் பொருத்திட்டு, எங்கெல்லாம் எது வருது எது போகுதுன்னு மார்க்கர் போட்டு எழுதுங்க. டியூன எடுக்க வேணாம், போக்குவரத்த மட்டும் எடுங்க. மூணு டிராக் இப்படி எழுதுனா போதும், கிக் இல்லாத நேரம் எவ்ளோன்னு பாத்து ஆச்சரியப்படுவீங்க.

இப்ப நான் ரொம்ப சொல்லணும்னு நெனச்ச விஷயம், பில்டப். வழக்கமா ஸ்நேர் ரோல் வைப்போம், மொத நாலு பார் பீட்டுக்கு ஒண்ணு, அப்புறம் ரெண்டு, அப்புறம் நாலுன்னு நெருங்கிக்கிட்டே போகும். அது தப்பில்ல. ஆனா நெருக்கம் மட்டும் ஏறுனா எப்ப விழும்னு கேக்குறவனுக்குத் தெரியாது, ஏறிக்கிட்டே இருக்குன்னு மட்டுந்தான் தெரியும். அந்தக் கானாடுகாத்தான் கல்யாணத்துல தவில் வாசிச்ச அண்ணன்கிட்ட பந்தி முடிஞ்சு வெத்தல போட்டுக்கிட்டு இருக்கும்போது போய்க் கேட்டேன், "அண்ணே, நீங்க எங்க முடிக்கப் போறீங்கன்னு நாதஸ்வரக்காரருக்கு எப்படித் தெரியுது, பாக்குறதே இல்லையே அவரு"ன்னு. அவரு சிரிச்சுட்டு தொடைல தட்டிக் காட்டுனாரு. "தீர்மானம் வைக்கிறோம்ல தம்பி. ஒண்ண மூணு தடவ சொல்லுவோம். மொதத் தடவ அவருக்கு என்னன்னு தெரியாது. ரெண்டாவது தடவ தெரிஞ்சுரும். மூணாவது தடவ அவரு நமக்கு முன்னாடியே சமத்துல போயி நிப்பாரு."

சமம்னா தாளம் ஒரு சுத்து முடிஞ்சு மறுபடி ஆரம்பிக்கிற எடம். அப்படியே நின்னுட்டேன். மூணாவது தடவ கேக்குறவன் நமக்கு முன்னாடியே போய் நிக்கணும். டிராப்புக்கு இதவிட என்ன வேணும்.

வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டேன். ரெண்டு பார்னா 8 பீட்டு, பீட்டுக்கு நாலு ஸ்டெப்னு 32 ஸ்டெப். ஆதி தாளத்துல 8 எண்ணிக்கை, எண்ணிக்கைக்கு நாலு மாத்திரைன்னா ஒரு ஆவர்த்தனமும் (தாளத்தோட ஒரு முழுச் சுத்து) அதே 32தான். ஒரு சொல்லு 8 ஸ்டெப், இடைவெளி 4, மறுபடி 8, இடைவெளி 4, கடைசி 8. கூட்டுனா 32, அடுத்த ஸ்டெப் டிராப்போட மொத கிக். பிளேலிஸ்ட்ல பாத்தா சொல்லு மொதல் பார்ல 1வது பீட்ல ஆரம்பிக்கும், அப்புறம் 4வது பீட்ல, அப்புறம் ரெண்டாவது பார்ல 3வது பீட்ல. ஒவ்வொரு தடவையும் வேற வேற எடத்துல ஆரம்பிக்கிறதுனால ஒரு தடுமாற்றம் வரும், ஆனா மூணாவது சரியா கோட்டுல போய் முட்டும். இடைவெளிய மாத்தணும்னா சொல்லு 10, இடைவெளி 1னு வச்சாலும் 32 வரும், அது ரொம்ப நெருக்கமா ஓடும். 128ல இந்த மொத்தமும் 3.75 செகண்ட்தான். 16 பார் பில்டப்புல மொத 14 பார் வழக்கம் போல ஏத்திட்டு கடைசி ரெண்டு பார்ல ஸ்நேர் ரோல வெட்டிட்டு இத வச்சேன். சத்தம் அந்த அண்ணன் தவில்லயே பதிவு பண்ணுனது, வலந்தலைல (வலது பக்கம்) இருந்து ஒண்ணு, தொப்பில (இடது பக்கம்) இருந்து ஒண்ணு, ரெண்டே அடி, அவரு அனுமதியோட. மொதத் தடவ பிளே பண்ணிக் கேட்டப்ப என் ஒடம்பே முன்னாடி சாஞ்சுச்சு.

தவில எலக்ட்ரானிக்ல போடலாமா, அது அசலா இருக்குமான்னு கொஞ்ச நாள் மனசு அடிச்சுக்கிச்சு. அப்புறம் தெரிஞ்சுக்கிட்டேன், பம்பாய்ல சரண்ஜித் சிங்னு ஒரு கலைஞர் 1982லயே ரோலண்ட் 808, 303 மிஷின் வச்சு ராகங்கள டிஸ்கோ தாளத்துல ரெக்கார்டு போட்டிருக்காரு, உலகம் அத ரொம்ப வருஷம் கழிச்சுத்தான் திரும்பிப் பாத்துச்சு. அதுக்கப்புறம் அந்தத் தயக்கம் எனக்கு இல்ல.

டிராப் பெருசாத் தெரியறதுக்கு டிராப்புல வேலை பண்ணாதீங்க, அதுக்கு முன்னாடி பண்ணுங்க. நான் செய்யறது இதுதான்: பில்டப் ஆரம்பத்துல இருந்து கடைசி வரைக்கும் மாஸ்டர் வால்யூம ஆட்டோமேஷன்ல ஒன்றரை டிபி (டெசிபல், சத்தத்தோட அளவு) மெதுவா எறக்குவேன், யாருக்கும் தெரியாது, டிராப்புல திருப்பி 0க்கு வரும்போது மட்டும் தெரியும். கிக்லயும் பேஸ்லயும் அடிச்சத்தத்த (கீழ இருக்குற கனமான சத்தத்த) ஃபில்டர் வச்சு கொஞ்சங் கொஞ்சமா வெட்டிருவேன், சிந்தோட அகலத்தையும் சுருக்கி நடுவுக்குக் கொண்டு வருவேன், அப்பத்தான் டிராப்புல விரிஞ்சு தெரியும். எதிரொலி வேணும்னா, அந்தக் கல்யாண வீட்டுல விடியக்காலம் ஆளு வர்றதுக்கு முன்னாடி பட்டாலைல நின்னு ஒரே ஒரு கைத்தட்டு தட்டி பதிவு பண்ணியிருந்தேன், அந்தச் சுண்ணாம்புச் சுவரும் ஒசந்த கூரையும் குடுக்குற வாலு எந்தப் பிளகின்லயும் எனக்குக் கெடைக்கல. அத ஃப்ரூட்டி கன்வால்வர்ல (பதிவு பண்ணுன எடத்தோட எதிரொலிய வேற சத்தத்துக்குக் குடுக்குற பிளகின்) ஏத்தி பிரேக்டவுன்ல லீடுக்கு மட்டும் குடுக்குறேன். ஆனா கிக்குக்குக் குடுக்காதீங்க, கலங்கிரும்.

ரெண்டாவது டிராப்ப மொத டிராப்போட காப்பியா விடாதீங்க. எஃப்எல்ல பேட்டர்ன காப்பி பண்ணுனதும் மேக் யூனிக் (காப்பியத் தனியாப் பிரிக்கிறது) போட்டுட்டுத்தான் கைய வைக்கணும், இல்லாட்டி மொத டிராப்பும் கூடவே மாறிரும், அப்படி ஒரு நல்ல பேஸ் லைன நான் இழந்திருக்கேன்.

நீளமான எடத்துல எப்படி அலுக்காம வைக்கிறதுங்கிறத எங்க மாமாகிட்ட கத்துக்கிட்டேன். அவரு ஆத்தங்குடிக் கல்லு பதிக்கிற வேலை. கண்ணாடி மேல அச்ச வச்சு கலர ஊத்தி, மேல சிமெண்டும் மணலும் போட்டு, தண்ணில ஊறப் போட்டு எடுக்குற கல்லு அது, ஒவ்வொண்ணும் கைவேலை, தனியாப் பாத்தா அவ்ளோ அழகு. ஒரு வீட்டுல அவரு பதிக்கிறத உக்காந்து பாத்துக்கிட்டு இருந்தப்ப, "ஏன் மாமா சுத்தி வேற கல்லு போடுறீங்க, இதே பூக்கல்ல செவுரு வரைக்கும் போட்டா என்ன?"ன்னு கேட்டேன். "போட்டா பூ தெரியாதுடா மாப்ள, எங்க ஆரம்பிச்சு எங்க முடியுதுன்னு கண்ணுக்கு ஒரு கரை வேணும்ல"ன்னாரு. இப்ப நான் 8 பாருக்கு ஒரு தடவ கரை வைக்கிறேன், ஒரு கிராஷ், இல்ல கடைசி ரெண்டு பீட்டு கிக் இல்லாம, இல்ல ஹேட் தொறக்குறது. 4 பாருக்கு ஒரு தடவ அதவிடச் சின்னதா, ஒரே ஒரு அடி மாறுனாக்கூடப் போதும். 16க்கு ஒரு தடவ புதுசா ஒண்ணு உள்ள வரணும், இல்ல இருக்குறதுல ஒண்ணு வெளிய போகணும்.

அப்புறம் ஒண்ணு, திரையப் பாத்துக்கிட்டே கேக்காதீங்க. கோடு நகர்றதப் பாக்கும்போது அடுத்து என்ன வருதுன்னு கண்ணு முன்கூட்டியே சொல்லிருது, காது வேலையே செய்யாது. நான் ஃபோன்ல ஏத்திக்கிட்டு தேவகோட்டை ரஸ்தா போற பஸ்ல ஜன்னலோரம் உக்காந்து கேப்பேன், எந்த எடத்துல மனசு வெளிய ஓடுதோ அந்த நிமிஷத்தையும் செகண்டையும் மட்டும் குறிச்சுக்குவேன். என்ன தப்புன்னு அங்க யோசிக்க மாட்டேன். அதே எடம் மூணு நாள் வந்துச்சுன்னா அங்க வெட்டணும். அதே மாதிரி சித்தப்பாவோட பழைய கூம்பு ஸ்பீக்கர்லயும் ஒரு தடவ போட்டுப் பாப்பேன், அதுல அடிச்சத்தம் வரவே வராது, பேஸ் இல்லாமலும் டிராப் டிராப்பா தெரிஞ்சா அது அரேஞ்ச்மெண்ட்லயே இருக்குன்னு அர்த்தம். தெரியலைன்னா பேஸ நம்பிப் பொழைக்குதுன்னு அர்த்தம்.

போன தை மாசம் அந்தத் தவில் அண்ணன மறுபடி பாத்தேன், பள்ளத்தூர்ல ஒரு கல்யாணம். டிராக்க முடிச்சு வச்சிருந்தேன். ஹெட்ஃபோன மாட்டி விட்டேன். கண்ண மூடிக்கிட்டு அஞ்சு நிமிஷமும் கேட்டாரு, தொடைல வெரல் மட்டும் ஓடுச்சு. தீர்மானம் வந்த எடத்துல, ரெண்டாவது தடவ முடிஞ்சதும், அவரு கை மேல எழும்பி நின்னுச்சு, சரியா கிக் விழுந்தப்ப தொடைல விழுந்துச்சு. நான் அத மட்டுந்தான் பாத்துக்கிட்டு இருந்தேன். ஹெட்ஃபோனக் கழட்டிட்டு சொன்னாரு, "நல்லா இருக்கு தம்பி. ஆனா மூணாவது தடவ ஏன் இவ்ளோ சத்தமா சொல்ற? அதான் எல்லாருக்கும் தெரிஞ்சு போச்சே. கொறச்சுச் சொல்லு."

அன்னிக்கு ராத்திரியே மூணாவது சொல்ல 6 டிபி எறக்கிட்டேன், நாய்ஸையும் அந்த ரெண்டு பீட்டுக்கு முழுசா எடுத்துட்டேன். இப்ப அங்க வெறும் தவில், அதுவும் தூரத்துல இருந்து கேக்குற மாதிரி.